பெயர் எழுதிவைத்த நோட்டு

வணக்கம் அக்கா,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 27. கல்லூரித் தோழிகள் ஐந்து பேர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று போனில் கூடி அந்த மாதம் என்ன படித்தோம் என்று பேசிக்கொள்வோம். ஐந்து பேருக்குமே ஃபேன்டஸி நாவல்கள்தான் பிடிக்கும். அதில் ஒருத்தி சொன்னாள் என்று ஒன்றரை வருடத்துக்கு முன் ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' வரிசையைத் தொடங்கினேன். முதல் நான்கு பாகங்களைச் சோறு தண்ணி இல்லாமல் படித்தேன். இப்போது எட்டாவது பாகத்தில் ஐந்து மாதமாக நிற்கிறேன். யார் யார் என்பது மறந்துபோகிறது என்று ஒரு நோட்டில் பெயர்களை எழுதிவைக்க ஆரம்பித்தேன், அது இருநூறைத் தாண்டிவிட்டது. புத்தகத்தைத் திறந்தால் ஆபீஸில் எக்ஸெல் ஷீட்டைத் திறப்பது போல இருக்கிறது. விடலாம் என்றால் 'பத்தைத் தாண்டிவிடு, அப்புறம் அருமையாக இருக்கும்' என்கிறார்கள். போன வருடம் டோல்கீனையும் முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டேன். எனக்குப் பொறுமை போதவில்லையா, இல்லை இந்த வகையே எனக்கு ஒத்துவரவில்லையா? அடுத்து என்ன படிக்கலாம்? மந்திரத்துக்குத் தெளிவான விதிகள் இருக்கவேண்டும் என்பது எங்கள் ஐந்து பேரின் எதிர்பார்ப்பு. நான் தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலம் சுமார்தான். அப்புறம் அப்பா, 'இந்த வயசுல மந்திரவாதி கதையா?' என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

ச. (முழுப் பெயர் வேண்டாம்)

அன்புள்ள ச.,

விட்டுவிடுங்கள். ஐந்து மாதம் ஒரே இடத்தில் நின்ற பிறகு அந்தப் புத்தகத்துக்கு நீங்கள் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. அந்த வரிசை 1990-இல் தொடங்கி 2013-இல் முடிந்தது, மொத்தம் 14 பாகங்கள். ஜோர்டன் 2007-இல் இறந்துவிட்டார், கடைசி மூன்றையும் அவருடைய குறிப்புகளை வைத்துக்கொண்டு பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். நீங்கள் நிற்கிற அந்த நடுப்பகுதி நகரவே மாட்டேன் என்கிறது என்பது அந்த வரிசையை உயிராக நேசிப்பவர்களே சொல்லும் குறைதான். ஆகவே உங்கள் பொறுமையைச் சந்தேகப்பட வேண்டாம். மனசு கேட்கவில்லை என்றால் இடையில் நடந்ததை ஒரு சுருக்கத்தில் தெரிந்துகொண்டு நேராகப் பதினொன்றாவதுக்குப் போங்கள். 2005-இல் வந்தது, ஜோர்டன் தன் கையால் முழுதாக எழுதி முடித்த கடைசிப் பாகம், அதில் கதை மறுபடி நடக்க ஆரம்பிக்கிறது.

டோல்கீன் விஷயம் வேறு. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று நாவல்கள் அல்ல, ஒரே நாவல். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் காகித விலையும் அச்சுச் செலவும் கட்டுப்படியாகாமல் பதிப்பகத்தார்தான் அதை 1954-லும் 1955-லும் மூன்றாகப் பிரித்து வெளியிட்டார்கள். முதல் பாகத்தோடு நிறுத்தினால் இடைவேளையில் தியேட்டரைவிட்டு எழுந்து வந்த மாதிரிதான். ஆனால் இப்போதே திரும்பிப் போக வேண்டாம், இரண்டு வருடம் கழித்துப் போங்கள். முதல் உலகப் போரில், 1916-இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் நின்றவர் டோல்கீன், அந்தப் போர் முடிந்தபோது அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவர் மட்டுமே உயிரோடு இருந்தார். அதை மனதில் வைத்துக்கொண்டு அந்த நாவலில் இரண்டு சின்ன உருவங்கள் சாம்பல் நிலத்தில் கால் கடுக்க நடக்கும் பக்கங்களைப் படித்துப் பாருங்கள், அது வேறு புத்தகமாகத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த நோட்டுதான். இருநூறு பெயர்கள், ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. அப்படியானால் ஒரே ஒரு பெயருக்காக ஒரு முழு நாவலும் நடக்கிற புத்தகம் ஒன்று இருக்கிறது, அதைப் படியுங்கள். உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ', 1968-இல் வந்தது. பத்தே அத்தியாயம், சுமார் இருநூறு பக்கம். தீவுகளால் ஆன ஓர் உலகம். கோன்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் ஒரு பையன். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு, கல்லுக்கும் பருந்துக்கும் கடலுக்கும் மனிதனுக்கும். அதைத் தெரிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் வந்துவிடும். அதனால் யாரும் தன் மெய்ப்பெயரை வெளியே சொல்வதில்லை, ஊர் கூப்பிட வேறொரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பையன் கர்வத்தில் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டு, முகத்தில் தழும்போடு, தன்மேல் தனக்கே நம்பிக்கை போய்க் கிடக்கும் நேரத்தில், அவனுடைய நண்பன் ஊருக்குக் கிளம்பும் முன் வந்து, கேட்காமலேயே தன் மெய்ப்பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் நடக்கிறது. நட்பைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன், இதைப் போல ஒன்று என்னை அசைத்ததில்லை.

மந்திரத்துக்கு விதி வேண்டும் என்கிறீர்கள். இதில் விதி இருக்கிறது, ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கும் விதி அல்ல, செய்வதற்கெல்லாம் எங்கோ ஒரு விலை உண்டு என்கிற விதி. பையனின் குரு ஓகியோன் பெரிய மந்திரவாதி, நிலநடுக்கத்தையே அடக்கியவர் என்று ஊரெல்லாம் பேச்சு. இரண்டு பேரும் மலைப்பாதையில் போகும்போது மழை பிடித்துக்கொள்கிறது. மந்திரவாதிகள் நிறைந்த நாட்டில் மழை மேகத்தை இவர் அவர் பக்கம் தள்ள, அவர் வேறொருவர் பக்கம் தள்ள, அது அலைக்கழிந்து கடைசியில் கடலுக்குப் போய்ப் பெய்யுமாம். ஓகியோன் அப்படிச் செய்வதில்லை. ஒரு மரத்தடியில் படுத்துத் தூங்கிவிடுகிறார். பையன் நனைந்துகொண்டே புதருக்குள் சுருண்டு, இவரிடம் சக்தி இருந்து என்ன பயன் என்று புழுங்குகிறான். கதையின் மொத்த விதியும் அந்த மழையில் இருக்கிறது. விதிகளை அட்டவணை போட்டு விளக்கும் நாவல்களும் எனக்குப் பிடிக்கும், சாண்டர்சன் அதில் கெட்டிக்காரர். ஆனால் பத்து வருடம் கழித்து எனக்கு நினைவிருப்பது இந்த நனைந்த பையன்தான்.

உங்கள் ஆங்கிலம் இதற்குப் போதும். வாக்கியங்கள் தெளிவானவை, கொஞ்சம் பழைய மணம் உள்ள சொற்கள் வரும், வாய்விட்டுப் படித்தால் பாதி பொருள் காதிலேயே கிடைத்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பையன் செம்பழுப்பு நிறம், அவன் நண்பன் கறுப்பு. லெ குவின் அதை ஒரு செய்தியாகச் சொல்வதில்லை, அந்த உலகம் அப்படித்தான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் அவனை வெள்ளைக்காரப் பையனாக்கியபோது அவர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். பல வருடங்களாக வெள்ளை முகங்களை மட்டுமே கற்பனை செய்து படித்த எனக்கு, அந்த நிறம் பற்றிய வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. திரும்பித் திரும்பிப் படித்தேன்.

இரண்டாவது, 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்'. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சைதாப்பேட்டையில் மூன்றாவது மாடியில் நாலு நாள் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, கீழே தெருவில் அடையாற்றுத் தண்ணீர். டார்ச் வெளிச்சத்தில் இந்தப் புத்தகத்தைப் படித்தேன். ஒரு பெண் குழந்தையைச் சின்னஞ்சிறு வயதில் கோயிலுக்குக் கொண்டுவந்து, சடங்கு செய்து, அவள் பெயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். இனி அவள் அர்ஹா, 'விழுங்கப்பட்டவள்'. வெளிச்சம் கொண்டுபோகவே கூடாத நிலத்தடிக் குகை அவளுடைய ராஜ்யம், சுவரைத் தடவி, திருப்பங்களை எண்ணி, இருட்டிலேயே வழி பழகுகிறாள். ஒருநாள் அந்தக் குகையில் வெளிச்சம் தெரிகிறது. இத்தனை வருடம் தான் தடவித் தடவி நடந்த இடம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகப் பார்க்கிறாள். டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வீடு முழுக்கக் கையால் தெரிந்திருந்தது. முதல் புத்தகத்தைப் படிக்காமல் இதற்குப் போகாதீர்கள், வரிசை முக்கியம். மூன்றாவது 1972-இல் வந்தது. நான்காவது 'டெஹானு' 1990-இல், பதினெட்டு வருடம் கழித்து. அதில் அந்தப் பெண் நடுவயதில் ஒரு விதவை, பண்ணை வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு, தீயில் வெந்த ஒரு குழந்தையை வளர்க்கிறாள். அதை இப்போது வாங்கி வையுங்கள், நாற்பதை நெருங்கும்போது படியுங்கள்.

அடுத்து கை கேவ்ரியல் கே எழுதிய 'டிகானா', 1990. ஒரே நாவல், தடிமன்தான், ஆனால் அதோடு முடிந்துவிடும். கே கனடாக்காரர், இளம் வயதில் டோல்கீனின் மகனோடு உட்கார்ந்து, டோல்கீன் விட்டுப்போன கதைகளை 'சில்மரில்லியன்' என்ற புத்தகமாகத் தொகுக்க உதவியவர். போரில் தன் மகனைக் கொன்ற நாட்டை ஓர் அரசன் வெல்கிறான், அவன் மந்திரவாதியும்கூட. ஊரை இடித்ததோடு அவன் கோபம் அடங்கவில்லை. அந்த நாட்டின் பெயரையே உலகத்தின் காதிலிருந்து எடுத்துவிடுகிறான். அங்கே பிறந்தவர்களுக்கு மட்டும் அது கேட்கும், மற்றவர்கள் காதில் விழாது. அவர்களும் ஒவ்வொருவராக இறந்து முடித்தால் அப்படி ஒரு நாடு இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். டொரன்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்திக்கு இதைச் சொன்னேன். அவள் படித்து முடித்த இரவே கூப்பிட்டாள். கதையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தன் ஊர் ஒழுங்கைகளின் பழைய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்த நாவலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

நீளமான வரிசைதான் வேண்டும், ஒரு மனிதனோடு பல வருடம் வாழவேண்டும் என்று உங்கள் குழுவில் யாருக்காவது ஆசை இருந்தால் ராபின் ஹாப். 1995-இல் 'அசாசின்ஸ் அப்ரென்டிஸ்' தொடங்கி 2017 வரை 16 நாவல்கள், ஆனால் முதல் மூன்று தனியாகவே நிற்கும். இளவரசனுக்கு முறைதவறிப் பிறந்த ஆறு வயதுப் பையனைக் கொண்டுவந்து லாயக்காரனிடம் விடுகிறார்கள். அவனுக்கு நாய்களோடு மனதால் பேசமுடியும், அந்த நாட்டில் அது வெட்கக்கேடு. முதல் ஐம்பது பக்கத்துக்குள் ஒரு நாய்க்குட்டி வரும். நாய் வளர்ப்பவர் யாராவது இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

சுசானா கிளார்க்கின் 'பிரனேசி' 2020-இல் வந்தது, அடுத்த வருடமே பிரிட்டனின் பெண்கள் புனைவுப் பரிசு வாங்கியது. அவருடைய முதல் நாவலுக்கும் இதற்கும் இடையே 16 வருடம், அதில் பெரும்பகுதி நோயோடு வீட்டுக்குள் கழிந்தது. முடிவே இல்லாத ஒரு வீடு, மண்டபம் மண்டபமாகச் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல் ஏறி இறங்குகிறது. அதில் ஒருவன் தனியாக, நன்றியோடு, அலைகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டு, இறந்தவர்களின் எலும்புகளுக்கு நீராம்பல் பூ வைத்துக்கொண்டு வாழ்கிறான். பிரனேசி தன் பெயர் இல்லை என்று மட்டும் அவனுக்குத் தோன்றுகிறது. ஒரே வாரத்தில் முடித்துவிடலாம்.

எழுதி முடித்துப் பார்த்தால் நான் சொன்னவை பாதிக்கு மேல் பெயர் தொலைந்த கதையாகவோ பெயர் கிடைத்த கதையாகவோதான் இருக்கிறது. உங்கள் நோட்டுதான் என்னை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அப்பாவிடம் விவாதம் வேண்டாம். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கேட்ட கேள்வி ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். அம்புலிமாமா படித்த தலைமுறை என்றால் நிச்சயம் ஒன்றாவது நினைவிருக்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், சொன்னால் வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும். அந்தச் சங்கடம் பெரியவர்களுக்கானது, அது அவருக்கே தெரியும். அவரைச் சொல்லவிட்டுக் கேளுங்கள்.

உங்கள் ஞாயிறு கூட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். 'இது அதைப் போல இருக்கும்', 'பத்தைத் தாண்டிவிடு' என்பதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் புத்தகத்தை மூடிய பிறகும் போகாமல் நிற்கிற ஒரே ஒரு காட்சியை மட்டும் சொல்லுங்கள். அந்தக் காட்சியைக் கேட்டு யாருக்குக் கை நீளுகிறதோ அவர் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

எர்த்ஸீயில் நான்காவது அத்தியாயம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், அங்கேதான் அந்தப் பெரிய தப்பு நடக்கிறது. நோட்டைத் தூக்கிப்போட வேண்டாம், மீதிப் பக்கங்கள் இருக்குமே.

அன்புடன்.