பக்கத்துக் கட்டடத்தோடு ஒத்துப்போகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வணிகக் கட்டடம் ஒன்று வரப்போகிறது என்றாலே 'தெருவுக்குப் பொருந்துமா?' என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. கட்ட நினைப்பவர்கள், எதிர்ப்பவர்கள் இரண்டு தரப்பும் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சில இங்கே.

எங்கள் தெருவில் எல்லாமே சாய்கூரை போட்ட, ஒரே ஒரு மாடி உள்ள பழைய கட்டடங்கள். மூன்று தளக் கடை வளாகத்துக்கு விண்ணப்பித்தோம். 'பொருத்தமில்லை' என்று, கட்டட வடிவமைப்பைப் பார்த்து அனுமதி சொல்லும் ஆய்வுக்குழு திருப்பிவிட்டது. முகப்பில் சாய்கூரையும் நான்கு ஆர்ச்சும் வைத்தால் பாஸாகிவிடும் என்கிறார் எங்கள் ஆர்க்கிடெக்ட். வைக்கலாமா?

வேண்டாம். ஆர்ச்சை ஒட்டினாலும் உள்ளே இருக்கும் உடம்பு அதேதான். நல்ல குழு முதலில் பார்ப்பது அலங்காரத்தை அல்ல, பருமனை. நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் உங்கள் முகப்பு 40 மீட்டர் அகலம். அக்கம்பக்கத்தில் ஒவ்வொன்றும் 8 மீட்டர்தான். ஐந்து வாசல் வரவேண்டிய தூரத்துக்கு ஒரே கண்ணாடிச் சுவர் நிற்கிறது. கண்ணை உறுத்துவது அதுதான். முகப்பை ஐந்து பகுதியாகப் பிரியுங்கள். பெயிண்டை மாற்றி அடிப்பது பிரிப்பதாகாது; சுவர் நிஜமாகவே உள்வாங்கி வெளிவர வேண்டும், ஒவ்வொரு பகுதிக்கும் தெருப்பக்கம் வாசல் வேண்டும்.

அடுத்து மாடி மட்டம். கடைக்கு உயரமான தரைத்தளம் கேட்பீர்கள், பழைய கட்டடத்தில் அது தாழ்வாக இருக்கும். தளத்தை இறக்க முடியாவிட்டால், பக்கத்துக் கட்டடத்தின் சன்ஷேட் ஓடும் மட்டத்திலேயே உங்கள் சன்ஷேடையும் ஓட விடுங்கள். கண் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்ளும்.

மேல் தளத்துக்கு வருவோம். '2 மீட்டர் பின்னால் தள்ளியிருக்கிறோம், தெருவிலிருந்து தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். எதிர்ச்சாரியில் நிற்பவர் உங்கள் முகப்பிலிருந்து 12 மீட்டர் தள்ளி இருக்கிறார், கண் உயரம் 1.6 மீட்டர். முகப்புச் சுவர் மாடிக் கைப்பிடிச் சுவரையும் சேர்த்து 8 மீட்டர், மேல் தளத்தின் உச்சி 11.5 மீட்டர். அவர் பார்வை முகப்புச் சுவரின் உச்சியைத் தொட்டு மேலேறும்போது, 2 மீட்டர் உள்ளே ஏறக்குறைய 9.1 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அதாவது மேல் தளத்தில் சுமார் 2.4 மீட்டர் பளிச்சென்று தெரியும். முழுக்க மறைய வேண்டுமானால் ஆறரை மீட்டருக்குமேல் தள்ள வேண்டும். தெருவையும் கட்டடத்தையும் குறுக்கே வெட்டிக் காட்டும் இந்தப் படத்தை நீங்களே வரைந்து கொண்டுபோனால் குழுவில் பாதி வாக்குவாதம் இருக்காது.

பொருத்தம், அழகு எல்லாம் அவரவர் ரசனை. ரசனையை வைத்து ஒருவர் திட்டத்தை மறுக்க முடியுமா?

தோற்றத்தை ஒழுங்குபடுத்தலாமா என்றால், பல நாடுகளில் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் வெறும் ரசனை போதாது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஊரான இசக்குவாவில் நடந்த வழக்கு இதற்கு நல்ல பாடம். ஒருவர் பல கடைகள் கொண்ட சிறிய வணிகக் கட்டடம் கட்ட அனுமதி கேட்டார். வடிவமைப்புக் குழு நிறத்தை மாற்றச் சொன்னது, மாற்றினார். ஜன்னலைத் திருத்தச் சொன்னது, அதையும் பார்த்தார். கடைசியில், அந்தச் சாலையில் வண்டியில் போய்வந்து பார்த்துக் குழு என்ன எதிர்பார்க்கிறது என்பதை அவரே உணர்ந்துகொள்ளட்டும் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. 'இசைவாக', 'சுவாரசியமாக' என்கிற மாதிரி தெளிவற்ற சொற்களைக் கொண்ட விதி செல்லாது என்று 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

குழுவில் இருப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 'தெருவுக்கே கேடு' என்று மனு எழுதினால் கோப்பில் தூங்கும். 'தெருவில் முகப்புச் சுவர்களின் உயரம் 7 முதல் 8 மீட்டர், இது 12 மீட்டர்' என்று எழுதினால் யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கட்டப்போகும் மாலின் 3டி படம் ஜோராக இருக்கிறது. எதிர்க்கவே மனம் வரவில்லை. ஆனாலும் ஏதோ உறுத்துகிறது.

உறுத்தட்டும். அந்தப் படத்தில் கேமரா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் எவரும் நிற்க முடியாத உயரத்தில் இருக்கும். மரங்கள் முப்பது வயதுக்கு வளர்ந்து நிற்கும், உங்கள் வீடு வெளிறிய பெட்டியாக ஓரத்தில் கிடக்கும். கண் மட்டத்தில் எடுத்த படமும், இருபுறத்துக் கட்டடங்களையும் நிஜ உயரத்தோடு சேர்த்து வரைந்த தெரு நீள எலிவேஷனும் (நேர் எதிரே நின்று பார்க்கும் முகப்பு வரைபடம்) கேளுங்கள். முக்கியமாகப் பின்பக்கத்தைக் கேளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், ஏசி வெளி யூனிட்டுகள், குப்பை அறை, சரக்கு லாரி திரும்பும் இடம் எல்லாம் எந்தப் பக்கம் பார்க்கின்றன? முன்பக்கம் பொருந்தி, உங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே எக்ஸாஸ்ட் வந்தால் அது என்ன பொருத்தம்!

புதுக் கட்டடம் பழையதைப் போலவே இருக்க வேண்டும் என்பது உலக நியதியா? (கட்டடக்கலை மாணவி)

இல்லையம்மா, கிட்டத்தட்ட நேரெதிர். நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், தவிர்க்க முடியாமல் சேர்க்கும் வேலையில் இக்காலத்தின் முத்திரை இருக்க வேண்டும் என்கிறது. போலி வேண்டாம், போட்டியும் வேண்டாம். அளவிலும் பருமனிலும் ஒத்துப்போனால் சரி. வியன்னாவில் புனித ஸ்டீபன் பேராலயத்துக்கு எதிரே 1990இல் திறந்த ஹாஸ் ஹவுஸ் என்ற வணிகக் கட்டடம் வளைந்த கண்ணாடி முகப்போடு நிற்கிறது. வடிவமைத்தவர் ஹான்ஸ் ஹோலைன். கட்டியபோது பெரிய சண்டை. எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

எங்கள் மனை ஆற்றுக்கு அந்தப் பக்கம். பழைய கோயிலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு நதியே ஓடுகிறது. எங்களை ஏன் இழுக்கிறார்கள்?

ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் நடந்ததும் இதேதான். ரைன் நதியின் எதிர்க்கரையில் உயர்ந்த கட்டடங்கள் திட்டமிட்டார்கள். இக்கரையிலுள்ள பேராலயத்தின் காட்சி கெடும் என்று யுனெஸ்கோ 2004இல் அந்தப் பேராலயத்தை ஆபத்திலுள்ள மரபுச்சின்னங்கள் பட்டியலில் போட்டது. உயரத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு 2006இல் எடுத்தது. தூரத்தை வைத்துத் தப்ப முடியாது. பார்வைக்கோடு எது என்று முதலிலேயே கேட்டு, அதன் கீழே வடிவமையுங்கள்.

தெருவில் ஏற்கெனவே ஒரு பத்து மாடி நிற்கிறது. அதை முன்னுதாரணமாகக் காட்டலாமா?

காட்டலாம், எடுபடாது. பாரிஸில் 1973இல் 210 மீட்டர் மோன்பர்னாஸ் கோபுரம் வந்தது. அதைக் காட்டி அடுத்ததைக் கட்ட விடவில்லை; 1977இல் புதுக் கட்டடங்களின் உயரத்தை 37 மீட்டருக்குள் அடக்கினார்கள்.

எங்கள் பிராண்டின் நிறம் சிவப்பு. முகப்பு முழுக்க அதே நிறம் வேண்டும் என்று தலைமை அலுவலகம் பிடிவாதம் பிடிக்கிறது. குழு ஒப்புக்கொள்ளுமா?

ஒப்புக்கொள்வது கடினம். நிறத்தை எழுத்துக்குக் கொடுங்கள், சுவருக்குக் கொடுக்காதீர்கள். கடை வாசலின் மேல்மட்டத்துக்கும் மாடி ஜன்னலின் அடிமட்டத்துக்கும் நடுவில் இருக்கும் பட்டையில் போர்டு அடங்கட்டும். மொத்தமாக ஒளிரும் பெட்டிக்குப் பதில் தனித்தனி எழுத்துகள், பின்னாலிருந்து மெல்லிய வெளிச்சம். தலைமை அலுவலகத்தின் கையேட்டில் பழைய பகுதிகளுக்கென்று ஒரு மாற்று வடிவம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல நாடுகளில் கடை நடத்தும் நிறுவனங்கள் அப்படி ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது வழக்கம், கேட்காதவர்களுக்குத் தருவதில்லை.