அங்கியும் புத்தகமும்

அன்புள்ள ஐயா,

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்களின் ஓவியங்களை இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கிறார்கள். கறுப்புத் தொப்பி, மென்மயிர் வைத்த அங்கி, பக்கத்தில் ஒரு தடிப் புத்தகம். புத்தகத்தை எடுத்துவிட்டால் வசதியான வியாபாரி என்றுதான் சொல்வேன். இதில் ஓவியர் படிப்பை எங்கே காட்டுகிறார்?

நளினி

அன்புள்ள நளினி,

அங்கியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. அது அந்தஸ்துக்கும் குளிருக்கும் போட்டுக்கொண்டது. புத்தகத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

அந்தக் காலத்து டச்சு அறிஞர் எராஸ்மஸையே எடுத்துக்கொள்வோம். ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் 1523இல் அவரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரைந்தார். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள படத்தில் மூடிய புத்தகத்தின்மேல் இரண்டு கைகளையும் வைத்திருக்கிறார். நீங்கள் சொல்லும் அதே ரகம்தான். ஆனால் புத்தகத்தின் விளிம்பைப் பாருங்கள். 'ஹெர்குலிஸின் உழைப்புகள்' என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கும்; புராண வீரன் ஹெர்குலிஸ் செய்து முடித்த கடினமான வேலைகளைச் சொல்லும் தொடர் அது. பழமொழிகளைத் தேடித் தொகுப்பது எப்படி முதுகை ஒடிக்கும் வேலை, அதற்கு நன்றி சொல்ல யாரும் இல்லை என்று எராஸ்மஸ் தன் பழமொழித் தொகுப்பில் இதே தலைப்பில் பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கிறார். இந்தப் படம் போய்ச் சேர்ந்தது இங்கிலாந்துக்கு. அன்று அங்கே கிரேக்கம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் படித்துவிட்டுச் சிரித்திருப்பார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் புத்தகம். படம் பார்ப்பவரின் படிப்பையும் சேர்த்தே சோதிக்கிறது!

எனக்கு இதைவிடப் பிடித்தது, சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும், ஹோல்பைன் வரைந்த இன்னொரு சிறிய எராஸ்மஸ் படம். பக்கவாட்டு முகம், தாழ்ந்த இமைகள். நம்மைக் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். தாளில் இருப்பதும் கிறுக்கல் இல்லை, மாற்கு நற்செய்திக்கு அவர் அப்போது எழுதிவந்த விளக்கவுரையின் தொடக்கம். எராஸ்மஸின் கைகளை மட்டும் ஹோல்பைன் தனியாக வரைந்து பார்த்த தாள்கள் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பேனாவைப் பிடித்த விரல்கள் எப்படி மடங்குகின்றன என்பதில் அவருக்கு அத்தனை அக்கறை. உங்கள் கேள்விக்குப் பதில் அந்த விரல்களில்தான் இருக்கிறது என்பேன். வியாபாரியும் ஒரு புத்தகத்தின்மேல் கை வைத்துக்கொள்ளலாம், இப்படி எழுத முடியாது.

மேசையில் குனிந்து எழுதும் இந்தத் தோற்றம், பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோமின் படங்களில் பழகிய ஒன்று. ஜெரோமின் கடிதங்களைப் பதிப்பித்தவர் எராஸ்மஸ். 1517இல் ஓவியர் குவென்டின் மாசைஸ் எராஸ்மஸை வரைந்தபோது பின்னால் உள்ள அலமாரிப் புத்தகம் ஒன்றில் ஜெரோமின் பெயரே இருக்கிறது. அந்தப் படம் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் மோருக்கு நண்பர்கள் அனுப்பிய பரிசு. அவருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

உங்கள் குற்றச்சாட்டு முழுசாகப் பொருந்துவது, ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1526இல் எராஸ்மஸைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட செதுக்கோவியத்துக்கு. முன்னால் தடித்தடிப் புத்தகங்கள், ஜாடியில் பூக்கள், பின்னால் பெரிய பலகை. அதில் 'இவரை இன்னும் நன்றாகக் காட்டுபவை இவருடைய நூல்களே' என்று கிரேக்கத்தில் ஒரு வரி. ட்யூரர் அவரை நேரில் பார்த்து வரைந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எராஸ்மஸ் படத்தைப் பார்த்துவிட்டு, தன் சாயலே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.