காசு கொடுத்தேன், ஆப் என்னுடையதுதானே?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயி நான். பச்சை இலைக் கணக்குக்காகக் கோவையில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு தம்பியிடம் சொல்லி மொபைல் ஆப் ஒன்று எழுதி வாங்கினேன். தினமும் எத்தனை கிலோ இலை போட்டோம், ஈரத்துக்கு ஃபேக்டரியில் எவ்வளவு கழித்தார்கள், வாங்கிய முன்பணம் போக எவ்வளவு வர வேண்டும் என்று காட்டும். பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ஜிபேயில் மூன்று தவணையாக அறுபதாயிரம் கொடுத்தேன். இப்போது குன்னூர்க்காரர் ஒருவர் பெயரில் அதே மாதிரி ஆப் பிளே ஸ்டோரில் வந்திருக்கிறது. என் முதல் பதிப்பில் 'தள்ளுபடி' என்பது 'தல்லுபடி' என்று தவறாக விழுந்து, பிறகு திருத்தினோம். அந்தத் 'தல்லுபடி' அவர் ஆப்பில் அப்படியே இருக்கிறது. ஊர்ப் பட்டியலில் கட்டபெட்டு இரண்டு தடவை வரும், அதுவும் அப்படியே. நான் எதையும் பதிவு செய்யவில்லை. வழக்குப் போட முடியுமா?

பதில்: பதிவு செய்யாததை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் கணக்கில் சேர்த்திருக்கிறது. கோடு, அதாவது நிரலின் வரிகள், எழுதிய அன்றே உரிமை பிறந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எழுந்த கவலை வேறு. அந்த உரிமை பிறந்தது யாருக்கு?

கொத்தனாருக்குக் கூலி கொடுத்துவிட்டால் வீடு நம்முடையது. கோடு விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி முதல் உரிமையாளர் எழுதியவர்தான். சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையின் பகுதியாக எழுதினால் முதலாளிக்குப் போகும். புகைப்படம், ஓவியம், திரைப்படம் போன்ற சிலவற்றில் மட்டும், காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கு உரிமை என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் கணினி நிரல் இல்லை. கோவைத் தம்பி உங்களிடம் மாதச் சம்பளம் வாங்கவில்லை. சொன்ன வேலையை முடித்துக் கொடுத்துக் காசு வாங்கினார். ஆக, அறுபதாயிரம் கொடுத்த பிறகும் இன்றைய தேதியில் கோடு அவருடையது. ஆப்பைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி உண்டு என்று வாதாட ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் உதவும். அதற்கு மேல் அவற்றை நம்ப வேண்டாம். உரிமை கை மாற வேண்டுமென்றால், கொடுப்பவர் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் வேண்டும் என்று 19-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

இனி 'தல்லுபடி'க்கு வருவோம். நீங்கள் அதை முதல் பதிப்புக்குப் பிறகு திருத்திவிட்டீர்கள். அப்படியானால் குன்னூர் ஆப்புக்குப் போனது உங்கள் பழைய பதிப்பு. பழைய ஆப்பை யாராவது இறக்கி வைத்திருந்து உடைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தப் பழைய கோடு கையோடு இருப்பது யாரிடம்? எழுதியவரிடம்தான். தம்பி மேல் நான் குற்றம் சொல்லவில்லை, ஆனால் வக்கீல் நோட்டீஸ் விடுவதற்கு முன்னால் அவரிடம் நேரில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். அவரே அதைக் குன்னூர்க்காரருக்குக் கொடுத்திருந்தால், தன் பொருளைத்தான் கொடுத்தார் என்றாகும். உங்கள் வழக்கு முதல் நாளே படுத்துவிடும். இன்னொன்று: ஆதாரமில்லாமல் 'வழக்குப் போடுவேன்' என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவர் உங்கள் மேல் வழக்குப் போட 60-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. பலருக்கு இது தெரியாது.

அவர் யாருக்கும் கொடுக்கவில்லை, எழுதித் தரவும் தயார் என்றால் வேலை சுலபம். பத்திரத்தில் சில வரிகள் விட்டுப்போகக் கூடாது. எந்த நிரல், எந்தெந்தப் பதிப்பு, என்னென்ன உரிமைகள், எவ்வளவு தொகைக்கு என்று இருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் சட்டம் ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளும். எழுதியவரின் ஆயுளும் அதன் பிறகு 60 ஆண்டும் நிற்கிற உரிமையை ஐந்து வருடத்துக்கு வாங்குவானேன்? 'உரிமைக் காலம் முழுவதும்' என்று எழுதுங்கள். இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றாகிவிடும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது திரும்பிப் போய்விடும் என்றும் ஒரு விதி உண்டு. அது இந்தப் பத்திரத்துக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேருங்கள். இதுவரை வேறு யாருக்கும் கோடு கொடுக்கவில்லை என்ற உறுதிமொழியும், ஏற்கெனவே நடந்த திருட்டுக்கு வழக்குப் போடும் உரிமையும் தனித்தனியாக இருக்கட்டும். பின்னதை மறந்தால், பத்திர தேதிக்கு முன் நடந்ததை உங்களால் கேட்க முடியாமல் போகலாம். அவருக்குக் கீழே வேறு பையன் யாராவது எழுதியிருந்தால் அவர் கையெழுத்தும் வேண்டும். ஆப்பின் ஐகானை வரைந்தவர் வேறொருவர் என்றால் அது தனிக் கலைப்படைப்பு; அவரிடமும் ஒரு தாள். அப்புறம், சோர்ஸ் கோடை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கோடு கையில் இல்லாமல் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த பதிப்பைக் கொண்டுவர முடியாது.

இதெல்லாம் ஆன பிறகு பதிவு செய்வது நல்லது. நீதிமன்றத்தில் பதிவேடு முதல்நிலைச் சான்றாக நிற்கும். பதிப்புரிமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் படிவம் 14-ஐ ஆன்லைனிலேயே போடலாம். கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பின் யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். கோடின் முதல் பத்துப் பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும் கொடுக்க வேண்டும்; மொத்தமே இருபதுக்குக் குறைவென்றால் முழுவதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு எந்த வரியையும் கறுப்படித்து மறைத்துக் கொடுக்க முடியாது. சர்வர் கடவுச்சொல்லைக் கோடுக்குள்ளேயே எழுதி வைக்கும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. தம்பியிடம் சொல்லி அதை முதலில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

உரிமை உங்கள் கைக்கு வந்தாலும் எதைத் தடுக்க முடியும், எதை முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும். இலைக் கணக்கு ஆப் என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. யோசனைக்கும் கருவுக்கும் பதிப்புரிமை கிடையாது என்று 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிலோவில் ஈரத்தைக் கழித்து, தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிற விலையால் பெருக்குகிற கணக்கை நாளைக்கு நூறு பேர் ஆப்பாகப் போடலாம். பேட்டன்ட் வாங்கலாமே என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். வெறும் நிரலுக்கு அது கிடையாது என்று 1970 பேட்டன்ட் சட்டம் சொல்கிறது. நீங்கள் தடுக்க முடிவது, எழுதப்பட்ட கோடை எடுத்துக்கொள்வதை. அங்கேதான் உங்கள் 'தல்லுபடி' வேலை செய்யும். சரியாக எழுதினால் இருவர் எழுத்தும் ஒன்றாக இருக்க வாய்ப்புண்டு; இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து ஒரே எழுத்துப் பிழையையும் இரட்டைக் கட்டபெட்டையும் கொண்டுவருவது நடக்காத காரியம். குன்னூர்க்காரர் திருத்துவதற்குள் அவர் ஆப்பை ஒரு போனில் இறக்கி, பதிப்பு எண்ணோடு ஸ்கிரீன்ஷாட்கள் எடுத்து வையுங்கள். அந்தப் போனை அப்டேட் செய்யாதீர்கள். மின்னணுச் சான்றுக்கு 2023 பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் போனை வைத்திருப்பவரும் நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும்; வக்கீல் வழிகாட்டுவார்.

பிறகு பிளே ஸ்டோரில் பதிப்புரிமைப் புகாருக்கென்று இருக்கும் படிவத்தை நிரப்புங்கள். பெரும்பாலான தகராறு அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் சென்னைக்கு ஓட வேண்டாம்: உரிமையாளர் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட 62-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. உங்களுக்கு ஊட்டிதான். போலீஸிலும் புகார் கொடுக்கலாம். இது பிடியாணையில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஆனால் யார் கோடு என்பதே குழப்பத்தில் இருக்கும்போது ஸ்டேஷன் படி ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தம்பி கையெழுத்துப் போட மறுத்தால்? அந்தக் கோடை விட்டுவிடுங்கள். பழையதைப் பார்த்திராத வேறொருவரிடம், இந்த முறை பத்திரம் போட்ட பிறகு, புதிதாக எழுதச் சொல்லுங்கள். ஆப்பின் பெயரை உங்கள் பெயரில் வணிகக் குறியாகப் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பதிவில் மென்பொருளுக்கு 9-ஆம் வகுப்பு, தனிநபர் ஆன்லைனில் போட்டால் 4,500 ரூபாய்.