ஆர் மென்பொருளில் வழு இருப்பதாகத் தோன்றினால் என்ன செய்வது?

கேள்வி: என் ஆய்வேட்டுக்கான கணக்கீடுகளைப் புள்ளியியலுக்கான ஆர் (R) மொழியில் செய்துவருகிறேன். சுமார் 40,000 வரிகள் கொண்ட கணக்கெடுப்புத் தரவில், ஒரு பேக்கேஜ் (ஆருடன் சேர்த்து நிறுவும் துணை நிரல்தொகுப்பு) தரும் நிறையிட்ட சராசரி (ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு நிறை கொடுத்துக் கணக்கிடும் சராசரி) நான் தனியே சரிபார்த்த எண்ணைவிடக் குறைவாக வருகிறது. இது என் தவறா, மென்பொருளின் வழுவா, அதாவது நிரலிலேயே உள்ள பிழையா? வழு என்றால் யாரிடம் தெரிவிப்பது? எனக்கு சி மொழி தெரியாது. இருந்தும் நானே திருத்தித் தர முடியுமா?

பதில்: உங்கள் மூன்று கேள்விகளுக்கும் ஒரே வேலைதான் தொடக்கம். அந்த 40,000 வரிகளை நான்கைந்து வரிகளாகச் சுருக்க வேண்டும். தரவைப் பாதியாக வெட்டி, தவறு எந்தப் பாதியில் தெரிகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். பதின்மூன்று முறை இப்படிப் பாதியாக்கினால் ஐந்து வரிகளே மிஞ்சும். இது அலுப்பான வேலைதான். ஆனால், வழுவைக் கண்டுபிடிப்பதில் பெரும்பகுதி இந்தச் சுருக்கும் வேலையிலேயே முடிந்துவிடுகிறது என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

கடைசியில் மூன்றே வரிகள் மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். மதிப்புகள் 10, 20, மூன்றாவது விடுபட்ட மதிப்பு. அவற்றுக்கான நிறைகள் 1, 1, 2. விடுபட்டதை நீக்கிக் கணக்கிடச் சொன்னால் விடை 15 வர வேண்டும், பேக்கேஜோ 7.5 என்கிறது. நிறைகள் எல்லாம் மிகை எண்களாக இருக்கையில் சராசரி மிகச் சிறிய மதிப்பான 10-க்குக் கீழே போகவே முடியாது என்பதால், இந்த எண் தவறு என்பதற்கு வேறு எந்த மென்பொருளின் சாட்சியும் தேவையில்லை. அந்த 7.5 எப்படி வந்தது என்பதும் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது: 30-ஐ 2-ஆல் வகுப்பதற்குப் பதிலாக 4-ஆல் வகுத்திருக்கிறார்கள், அதாவது விடுபட்ட மதிப்பை நீக்கியவர்கள் அதற்குரிய நிறையை நீக்க மறந்துவிட்டார்கள். ஆருடனேயே வரும் வெயிட்டட் டாட் மீன் என்ற ஃபங்ஷன் (கணக்கீட்டுக் கட்டளை) இரண்டையும் சேர்த்தே நீக்கி 15 என்று சரியாகச் சொல்லும். 40,000 வரிகளுக்குள் இருந்தவரை இந்தத் தவறு கண்ணில் பட்டிருக்காது.

ஆனால் எதிர்பார்த்த எண் வரவில்லை என்பதாலேயே ஒன்று வழுவாகிவிடாது. 1, 2, 3, 4 என்ற எண்களின் முதல் கால்மானத்தை (கால்பங்கு எண்கள் எதற்குக் கீழே அமைகின்றனவோ அந்த மதிப்பை) கேட்டால் ஆரின் குவான்டைல் ஃபங்ஷன் 1.75 என்கிறது, வேறு சில மென்பொருள்கள் 1.25 என்கின்றன. இரண்டுமே சரி. கால்மானத்தைக் கணக்கிட ஒன்பது முறைகள் அந்த ஃபங்ஷனிலேயே இருக்கின்றன. நாம் எதையும் குறிப்பிடாவிட்டால் அது ஏழாவது முறையை எடுத்துக்கொள்கிறது, ஆறாவதைக் கேட்டால் அதே 1.25 கிடைக்கும். 0.1, 0.2 இரண்டின் கூட்டல் 0.3-க்குச் சமமில்லை என்று ஆர் சொல்வதும் இப்படித்தான். கணினி தசம எண்களை இரும முறையில் சேமிப்பதன் விளைவு அது. இத்தகைய ஐயங்கள் பலவற்றுக்கு ஆரின் அதிகாரபூர்வக் கேள்வி-பதில் ஆவணத்தில் ஏற்கெனவே விளக்கம் உண்டு. ஆகவே உதவிப் பக்கம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள்: அது சொல்வதற்கு மாறாக ஃபங்ஷன் நடந்துகொண்டால் அது வழு. உதவிப் பக்கமே தெளிவில்லாமல் இருந்தால் அதுவும் தெரிவிக்கத் தக்க குறைதான். இயங்குதளத்தின் பிழைச் செய்தியோடு ஆரே நிலைகுலைந்து மூடிக்கொண்டால் அதில் ஐயத்துக்கு இடமில்லை.

அடுத்து, ஆரை வெனிலா என்ற விருப்பத்தோடு தொடங்கி, பழைய அமைப்புகளோ முன்பு சேமித்த பொருள்களோ ஏறாத வெற்று அமர்வில் அந்த மூன்று வரிகளை ஓட்டிப் பாருங்கள். பேக்கேஜின் புதிய பதிப்பை நிறுவி மீண்டும் பாருங்கள். ஒவ்வொரு பதிப்பின் மாற்றங்களையும் பட்டியலிடும் அதன் நியூஸ் கோப்பில் இந்தத் திருத்தம் ஏற்கெனவே இடம்பெற்றிருக்கவும் கூடும்.

யாரிடம் சொல்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆரின் மையக் குழு பராமரிப்பது பேஸ், ஸ்டாட்ஸ், யூட்டில்ஸ் போன்ற அடிப்படைப் பேக்கேஜ்களை மட்டுமே. ஆர் பேக்கேஜ்களுக்கான பொது இணையக் களஞ்சியமான சிரானில் (CRAN) உள்ள பல்லாயிரம் பேக்கேஜ்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பராமரிப்பாளர் இருக்கிறார். மெயின்டெய்னர் என்ற ஃபங்ஷனுக்குப் பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால் அவருடைய மின்னஞ்சல் முகவரி கிடைக்கும்; வழுக்களைத் தெரிவிக்கத் தனி முகவரி இருந்தால், பக் டாட் ரிப்போர்ட் என்ற ஃபங்ஷன் உங்களை நேரே அங்கு கொண்டுசெல்லும். நீங்கள் சொல்வது ஒரு பேக்கேஜைப் பற்றி என்பதால் அதன் பராமரிப்பாளரிடமே செல்லுங்கள். அடிப்படை ஆரிலேயே வழு என்று உறுதியானால் மட்டும் மையக் குழுவின் பக்ஸில்லா பதிவேட்டுக்குச் செல்ல வேண்டும். குப்பைப் பதிவுகளின் தொல்லையால் அங்கு யாரும் தாமே கணக்குத் தொடங்க முடியாது, மின்னஞ்சலில் கேட்டுத்தான் பெற வேண்டும்.

அறிக்கையில் அந்த மூன்று வரி எடுத்துக்காட்டும், வந்த விடையும், வர வேண்டிய விடையும், அதுதான் வர வேண்டும் என்பதற்கான காரணமும் இருக்கட்டும். நிரலை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் ஓட வேண்டும். திரையைப் படம்பிடித்து அனுப்பினால் பராமரிப்பாளர் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். தரவை டிபுட் ஃபங்ஷன் மூலம் எழுத்தாக்கிச் சேருங்கள். சமவாய்ப்பு எண்கள் வந்தால், ஒவ்வொரு முறையும் அதே எண்கள் வரும்படி செட் டாட் சீட் கொண்டு தொடக்க எண்ணை நிலைப்படுத்துங்கள். கடைசியில் செஷன்இன்ஃபோ தரும் பதிப்பு விவரங்களை முழுமையாக ஒட்டுங்கள். உங்களுடையது கணக்கெடுப்புத் தரவு என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: பதில் அளித்தவர்களின் உண்மையான விவரங்களில் ஒரு வரிகூடப் பொதுவெளியில் போகக் கூடாது. நாமே இட்ட 10, 20 போன்ற எண்களே போதும். காரணம் பற்றிய உங்கள் ஊகத்தை எழுதலாம். ஆனால் கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்து எழுதுங்கள்.

திருத்தித் தர சி மொழி தேவையா என்றால், பெரும்பாலும் தேவையில்லை. பல பேக்கேஜ்கள் முழுக்க ஆர் மொழியிலேயே எழுதப்பட்டவை. அடைப்புக்குறி இல்லாமல் ஃபங்ஷனின் பெயரை மட்டும் தட்டினால் அதன் மூலநிரல் திரையில் வரும். மதிப்புகளிலிருந்து விடுபட்டவற்றை நீக்கும் வரியைக் கண்டுபிடித்து, அதே இடங்களை நிறைகளிலிருந்தும் நீக்கும் ஒரு வரியைச் சேர்ப்பதுதான் உங்கள் திருத்தம். அதற்கு முன்பே சோதனையை எழுதிவிடுங்கள்: விடை 15 ஆக இருக்க வேண்டும் என்ற அந்தச் சோதனை பழைய நிரலில் தோற்று, திருத்திய நிரலில் தேற வேண்டும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பேக்கேஜ் இருந்தால் திருத்தத்தையும் சோதனையையும் சேர்த்து அனுப்பலாம். அடிப்படை ஆரின் மூலநிரல், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் சப்வெர்ஷன் என்ற அமைப்பில் இருக்கிறது. அதில் மாற்றம் செய்யும் உரிமை மையக் குழுவுக்கே உண்டு என்பதால், வேறுபாட்டை மட்டும் காட்டும் பேட்ச் கோப்பைப் பக்ஸில்லா பதிவோடு இணைக்க வேண்டும்.

அனுப்பிய திருத்தம் உடனே ஏற்கப்படாவிட்டால் மனம் தளராதீர்கள். ஒரு வழுவைத் திருத்தினால், அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும் பிறருடைய முடிவுகளும் மாறும். ஆரின் சாம்பிள் ஃபங்ஷன், மிகப் பெரிய தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது எல்லா உறுப்புக்கும் சமவாய்ப்புத் தரவில்லை என்ற குறையை 2019-இல் வெளிவந்த 3.6.0 பதிப்பில் சரிசெய்தார்கள். அதன் விளைவாக, அதே தொடக்க எண்ணைக் கொடுத்தாலும் புதிய பதிப்பில் வேறு எண்கள் வந்தன. பழைய ஆய்வுகளை அப்படியே மீண்டும் ஓட்டிப் பார்ப்பவர்களுக்காகப் பழைய முறையையும் ஒரு விருப்பமாக விட்டுவைத்தார்கள். பராமரிப்பாளர்கள் தயங்குவது இத்தகைய பொறுப்பினால்தான். பலர் இந்த வேலையை ஊதியமின்றிச் செய்கிறார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம்.

அதுவரை ஆய்வேட்டு வேலை நிற்க வேண்டியதில்லை. விடுபட்ட மதிப்புள்ள வரிகளை நீங்களே நிறையோடு சேர்த்து நீக்கிவிட்டு, எஞ்சியதை அந்த ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். ஆர், பேக்கேஜ் இரண்டின் பதிப்பு எண்களையும் வழிமுறை இயலில் குறிப்பிட்டு, இந்த நீக்கத்தை ஏன் செய்தீர்கள் என்பதை ஓர் அடிக்குறிப்பில் எழுதிவிடுங்கள். இதே ஃபங்ஷனைக் கொண்டு முன்பு கணக்கிட்ட அட்டவணைகள் இருந்தால், அவற்றையும் இன்றே ஒருமுறை சரிபாருங்கள்.