கல்யாண மண்டபத்துக்கு வந்த பாட்டு நோட்டீஸ்: பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கத்தில் 400 பேர் உட்காரும் கல்யாண மண்டபம் நடத்துகிறேன். போன வாரம் வெளிமாநில முகவரியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. மண்டபத்தில் சினிமாப் பாட்டு போடுவதற்கு ஆண்டு உரிமத் தொகை ரூ.30,000, ஜிஎஸ்டி சேர்த்து ரூ.35,400, ஏழு நாளில் கட்ட வேண்டும், இல்லையென்றால் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவில் கைது என்று எழுதியிருக்கிறார்கள். பாட்டு போடுகிறவர் மைக் செட்காரர். நான் இடம் மட்டும்தான் தருகிறேன். அவரைக் குண்டாஸில் போடுவார்கள் என்று வேறு யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். கல்யாணத்தில் பாட்டு போட உரிமம் வேண்டுமா? பெரிய கம்பெனிகள் தில்லியில் பேசி எழுதிக்கொள்ளும் சட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா?

பதில்: பயந்து பணத்தைக் கட்டிவிடாதீர்கள். நோட்டீஸைக் கிழித்தும் போட்டுவிடாதீர்கள். இரண்டில் பின்னதுதான் உங்களுக்கு அதிக ஆபத்து. காரணம், "இடம் மட்டும்தான் தருகிறேன்" என்ற உங்கள் வாதம் பாதிதான் நிற்கும். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 51 பாட்டு போட்டவரோடு நிற்பதில்லை. உரிமை மீறலாக அமையும் நிகழ்ச்சிக்கு லாப நோக்கில் இடம் விடுகிறவரையும் அது சேர்த்துக்கொள்கிறது. அது மீறல் என்று தனக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்றால் மட்டுமே இடம் விட்டவர் தப்பலாம். நோட்டீஸை வாங்கிப் பதில் போடாமல் வைத்துக்கொண்டால் "எனக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல வழியில்லை. 63ஆம் பிரிவும் "தெரிந்தே" மீறியவரைத்தான் தண்டிக்கிறது. ஆகவே உங்கள் பதில் எழுத்தில், தேதியோடு இருக்க வேண்டும்.

பதில் எழுதுமுன் உங்கள் முன்பதிவு நோட்டை எடுத்து, கடந்த ஓராண்டு நிகழ்ச்சிகளை வகை பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கின் பெரும்பகுதி அந்த நோட்டில்தான் இருக்கிறது.

கல்யாணம் என்றால் உரிமம் வேண்டாம். பிரிவு 52(1)(இசட்ஏ), உண்மையான சமயச் சடங்கின்போது பாட்டு பாடுவதும் இசைப்பதும் ஒலிப்பதிவைப் போடுவதும் மீறல் ஆகாது என்கிறது. சமயச் சடங்கு என்பதில் கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய மற்ற சமூகக் கொண்டாட்டங்களும் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. நிச்சயதார்த்தம், பெண் அழைப்பு, முகூர்த்தம், மாலை வரவேற்பு எல்லாம் இதற்குள் வரும். மத்திய, மாநில அரசுகளும் உள்ளாட்சி அமைப்பும் நடத்தும் அரசு விழாவுக்கும் இதே விலக்கு உண்டு.

காதணி விழாவும் மஞ்சள் நீராட்டும் விளக்கத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. பூஜை, குலதெய்வ வழிபாடு, தாய்மாமன் சீர் என்று சடங்காக நடந்தால் "உண்மையான சமயச் சடங்கு" என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. ஆனால் கல்யாணத்தைப் போல ஐயத்துக்கு இடமில்லாத நிலை அல்ல. பிறந்தநாள், ஓசூர்த் தொழிற்சாலைகளின் ஆண்டு விழா, மாங்கூழ் வியாபாரிகள் கூட்டத்துக்குப் பின் நடக்கும் டிஜே, டிக்கெட் போட்டு நடத்தும் புத்தாண்டு இரவு ஆகியவற்றுக்கு இந்த விலக்கு கிடைக்காது. அவற்றுக்கு உரிமம் வேண்டும். இதை மறைத்து "என் மண்டபத்தில் கல்யாணம் தவிர ஒன்றும் நடக்காது" என்று பதில் எழுதினால், எதிர்த்தரப்பு உங்கள் பேஸ்புக் பக்கத்துப் படத்தை நீதிமன்றத்தில் நீட்டும். பொய்யான பதிலைவிடப் பதில் போடாமல் இருப்பதே மேல் என்று சொல்லும் அளவுக்கு அது கெடுதல் செய்யும்.

அடுத்து, எந்த உரிமைக்குக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு சினிமாப் பாட்டில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என மூன்று தனி உரிமைகள் இருக்கின்றன. மேளக்காரர் நாதஸ்வரத்தில் சினிமாப் பாட்டு வாசித்தாலோ, மெல்லிசைக் குழு மேடையில் பாடினாலோ அங்கே ஒலிப்பதிவே ஓடவில்லை. ஒலிப்பதிவு உரிமைக்காரர் அதற்குப் பணம் கேட்க முடியாது. பழைய பாட்டு என்றால் இலவசம் என்றும் நினைக்க வேண்டாம். ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை. வரிக்கும் மெட்டுக்கும், எழுதியவரும் இசையமைத்தவரும் இறந்தபின் 60 ஆண்டு. 1960ல் வந்த பாட்டின் ஒலிப்பதிவு உரிமை முடிந்திருக்கும், வரிகளின் உரிமை இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது, கேட்கிறவர் யார்? பாட்டுகளுக்கு உரிமம் வழங்குவதைத் தொழிலாக நடத்த, பிரிவு 33ன் கீழ் பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கமாக இருக்க வேண்டும். அதேசமயம், உரிமையாளர் தன் சொந்தப் படைப்புக்கு உரிமம் தரலாம் என்று பிரிவு 30 சொல்கிறது. பல பட நிறுவனங்களிடம் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, சங்கமாகப் பதியாமல், "நானே உரிமையாளர்" என்று ஊர் ஊராகக் கட்டணம் வசூலிக்கலாமா என்பதில்தான் சண்டை. கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் நோவெக்ஸ் என்ற உரிம நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. அதே கேள்விக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் நேர் எதிராக, கூடும் என்றது. தில்லி உயர் நீதிமன்ற அமர்வு 2025 ஏப்ரலில் சங்கக் கட்டணத்தை ஒட்டி ஓர் இடைக்கால ஏற்பாடு சொல்ல, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. கிருஷ்ணகிரி நீதிமன்றத்துக்கு நெருக்கமானது சென்னைத் தீர்ப்பு. உங்கள் வழக்கறிஞர் அதன் மேல்முறையீட்டு நிலையைப் பார்த்துவிட்டு மேற்கோள் காட்டட்டும். பதிவு பெற்ற சங்கங்களின் பெயர்கள் பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் இருக்கும். பதிவு ஐந்தாண்டுக்குத்தான், அதனால் தேதியையும் சரிபாருங்கள். பதிவு பெற்ற சங்கம் என்றால் தன் கட்டண விகிதத்தை வெளியிட வேண்டும் என்பது பிரிவு 33ஏ. அந்த விகிதம் அநியாயம் என்று வணிக நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் முடிவு வரும்வரை கட்டணத்தைக் கட்டிக்கொண்டே வழக்கு நடத்த வேண்டியிருக்கும்.

பதில் ஒரு பக்கம் போதும். இந்த உள்ளடக்கம் இருக்கட்டும்:

"தங்கள் நோட்டீஸ் இந்தத் தேதியில் கிடைத்தது. எங்கள் மண்டபம் முதன்மையாகத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடப்படுகிறது. அவற்றில் ஒலிக்கும் பாடல்கள் பிரிவு 52(1)(இசட்ஏ) விலக்கில் வருவதால் உரிமம் தேவையில்லை. மற்ற நிகழ்ச்சிகளைப் பொறுத்து, தாங்கள் உரிமை கோரும் பாடல்களின் பட்டியல், பிரிவு 19ன்படி கையொப்பமிட்ட உரிமை மாற்ற ஆவணங்களின் நகல், சங்கப் பதிவுச் சான்று, கட்டண விகிதம், ஜிஎஸ்டி எண், மீறல் நடந்ததாகச் சொல்லும் நாள், நிகழ்ச்சி ஆகியவற்றை 15 நாளில் அனுப்பவும். ஆதாரமின்றி மிரட்டல் தொடர்ந்தால் பிரிவு 60ன் கீழ் நடவடிக்கை எடுப்போம்."

பிரிவு 60ஐச் சும்மா எழுதச் சொல்லவில்லை. ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக நீங்களே விளம்புகைத் தீர்ப்பும் (மிரட்டலுக்கு ஆதாரமில்லை என்று நீதிமன்றம் அறிவிப்பது) தடை உத்தரவும் நஷ்டஈடும் கேட்டு வழக்குப் போடலாம். அவர்கள் காலம் தாழ்த்தாமல் உரிமை மீறல் வழக்குத் தொடுத்து நடத்தினால் மட்டும் இந்த வழி அடைபடும். பதிலை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, அதே நாளில் மின்னஞ்சலிலும் போடுங்கள். போனில் பேரம் பேசாதீர்கள். "பாதியாவது கட்டுகிறேன்" என்று நீங்கள் சொல்வதே கடன்பட்டதற்கு ஒப்புதல் போலக் காட்டப்படும்.

போலீஸ் பற்றி. 63ஆம் பிரிவுக்குத் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை, அபராதம் ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை. இது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, ஜாமீனில் விடத்தகாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் மிரட்டல் முழுக்க வெற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழாண்டு வரையிலான தண்டனைக் குற்றங்களில் எடுத்தவுடன் கைது கூடாது. கைது தேவைப்படாத நிலையில், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 35(3)ன்படி முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். நீங்கள் ஒழுங்காக ஆஜரானால், காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. பொருள்களைக் கைப்பற்ற உதவி ஆய்வாளருக்குக் குறையாத அதிகாரி வேண்டும். பிரிவு 64 கைப்பற்றச் சொல்வது உரிமை மீறிய பிரதிகளையும் அவற்றை உருவாக்கும் சாதனங்களையும்தான். பென் டிரைவ், லேப்டாப் மீது கை வைக்க அவர்களுக்கு வாதம் உண்டு. ஸ்பீக்கர் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் பாட்டைப் பிரதி எடுப்பவை அல்ல. எதை எடுத்தாலும் மகஜரில் எழுதச் சொல்லுங்கள். திரும்பக் கேட்டு 15 நாளுக்குள் நீதித்துறை நடுவரிடம் மனுப் போட வேண்டும். இந்த 15 நாளைத் தவறவிட்டுவிட்டு, சீசன் முழுக்க சாமான் இல்லாமல் உட்காரும் நிலை மைக் செட்காரருக்கு வரக்கூடாது.

குண்டாஸ் பயத்துக்கும் ஒரு வேர் இருக்கிறது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டத்தில் 2004ல் "வீடியோ திருடர்" என்ற வகை சேர்க்கப்பட்டது. திரைப்படத்தையும் அதன் ஒலித்தடம் அடங்கிய பதிவையும் பற்றிய பதிப்புரிமைக் குற்றம் செய்பவரை, விசாரணையின்றி 12 மாதம் வரை அடைத்து வைக்க அது வழி செய்கிறது. திருட்டு விசிடிக்கு எதிராகத் திரைத்துறை கேட்டுப் பெற்ற திருத்தம் அது. ஆனால் பொது ஒழுங்கு கெடுகிறது என்று காட்டினால்தான் அந்த ஆணை நிற்கும். கல்யாண வரவேற்பில் பாட்டு போட்டவர் மீது அது பாயாது. இதை மைக் செட்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

சிவில் தகராறாக இருக்க வேண்டிய ஒன்றைக் கைது, தடுப்புக்காவல் என்று உயர்த்திக்கொண்டே போனது தற்செயல் அல்ல. உங்கள் கடைசிக் கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் சொல்ல வேண்டும். கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் கூலி போய்ச் சேர வேண்டும், அதில் எனக்கு ஐயமே இல்லை. பாட்டின் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலும் ராயல்டியில் பங்கு உண்டு என்பதை 2012 திருத்தத்தில்தான் அவர்கள் பெற முடிந்தது. அதற்கு எதிராக நின்றவர்களும் இதே தொழிலின் பெரிய நிறுவனங்கள்தான். படைப்பாளியின் பெயரைச் சொல்லிக் கேட்கப்படும் கடுமை எல்லாம் படைப்பாளிக்குப் போய்ச் சேருவதில்லை.

கல்யாண விலக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு உரிமம் வேண்டாம் என்று மத்திய அரசு 2019 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட்டது. உரிம நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2022ல் அதை ரத்து செய்தது. 2023 ஜூலையில் மீண்டும் ஓர் அறிவிப்பு வந்தது. கோவா அரசு 2024 ஜனவரியில் அதையொட்டிப் போட்ட சுற்றறிக்கையை அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு ரத்து செய்தது. அதனால்தான் உங்கள் பதிலில் சுற்றறிக்கையைக் காட்டாமல் சட்டப் பிரிவைக் காட்டச் சொன்னேன். சுற்றறிக்கை விழுந்தாலும் பிரிவு நிற்கிறது. அதே நேரம் பாருங்கள்: வழக்கறிஞர் வைத்துப் பல மாநிலங்களில் வழக்கு நடத்த நிறுவனங்களால் முடிகிறது, மண்டபக்காரர்கள் தனித்தனியாக நோட்டீஸை வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

அமெரிக்காவில், யார் எந்த மசோதாக்களுக்காக ஆதரவு திரட்டினார்கள், மொத்தம் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதைப் பதிய வேண்டும், 1995ல் வந்த சட்டம் அது. 2008லிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிய வேண்டும். அப்படித் தெரிய வருவது அங்கே மக்கள் எதிர்க்கவும் உதவுகிறது. 2012 ஜனவரி 18ல் விக்கிபீடியா உள்ளிட்ட தளங்கள் ஒரு நாள் இருட்டடிப்புச் செய்து, பட, இசை நிறுவனங்கள் ஆதரித்த சோபா என்ற இணையத் திருட்டுத் தடுப்பு மசோதாவைக் கிடப்பில் போட வைத்தன. இந்தியாவில் அப்படி ஒரு பதிவுச் சட்டமே கிடையாது. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் ஆண்டுதோறும் இந்தியாவை முன்னுரிமைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்துக் கடுமையைக் கூட்டச் சொல்வதும் பலருக்குத் தெரிவதில்லை.

உங்களுக்கு இருக்கும் வாசல் சிறியது, ஆனால் திறந்திருக்கிறது. 2014ல் வந்த மத்திய அரசுக் கொள்கைப்படி, சட்ட வரைவுகளை மக்கள் கருத்துக்குக் குறைந்தது 30 நாள் வைக்க வேண்டும். பதிப்புரிமை விதி வரைவுகளைத் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை வெளியிடுகிறது. கருத்தைத் தமிழிலும் எழுதி அனுப்பலாம். மாவட்ட மண்டப உரிமையாளர்களும் ஒலி, ஒளி அமைப்பாளர்களும் சேர்ந்து, நோட்டீஸ் நகல்களை இணைத்து அனுப்பினால் அது ஆதாரமாகக் கோப்பில் ஏறும். காதணி, மஞ்சள் நீராட்டு இரண்டையும் விளக்கத்தில் சேர்க்கக் கேளுங்கள். ஒரு வரைவுக்கு யார் யார் கருத்து கொடுத்தார்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்கும் மனுவிலும் அந்தப் பதிலை இணையுங்கள்.

இனி மண்டபத்துக்குள் செய்ய வேண்டியது. முன்பதிவுப் படிவத்தில் நிகழ்ச்சியின் வகையை எழுத ஒரு கட்டம் போட்டு, கல்யாணம் என்றால் பத்திரிகை ஒன்றைப் பின் செய்து வையுங்கள். கம்பெனி விழா, டிஜே, டிக்கெட் நிகழ்ச்சி என்றால், "பாடல் உரிமம் பெறும் பொறுப்பு நிகழ்ச்சி நடத்துபவருடையது, நகல் இரண்டு நாள் முன்னதாகத் தரப்படும்" என்ற வரிக்குக் கையெழுத்து வாங்குங்கள். நகல் வராவிட்டால் மைக் செட்டுக்கு மின்இணைப்பு கொடுக்காதீர்கள். கையெழுத்தை வாங்கிவிட்டுப் பாட்டையும் ஓட விட்டால் அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது. வழக்கறிஞர் கட்டணம் தடையாக இருந்தால், கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், 15100க்கும் அழைக்கலாம். நோட்டீஸில் சொன்ன ஏழு நாள் சட்டம் விதித்த கெடு அல்ல, இருந்தாலும் அதற்குள் உங்கள் பதில் தபாலில் சேர்ந்துவிடட்டும்.