பயணத்துக்கு ஜூம் கேமரா: வியூஃபைண்டர் இருக்கிறதா என்று பாருங்கள்

விடுமுறைப் பயணத்துக்குப் பழகச் சுலபமான ஜூம் கேமரா எது, 30 எக்ஸ் (முப்பது மடங்கு ஜூம்) போதுமா, இன்னும் அதிகம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டோ மோடில் வைத்து பட்டனை அழுத்தினால் படம் வர வேண்டும், அதுதானே உங்கள் தேவை? அப்படியென்றால் 30 எக்ஸ் தாராளம். அதைவிட முக்கியம், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர்.

என் அம்மாவுக்கு வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர், கையில் லேசான நடுக்கம் உண்டு. 30 எக்ஸ் கேமராக்களில் ஜூம் பெரும்பாலும் 24 மி.மீ.யில் தொடங்கி 720 மி.மீ. வரை போகும்; இந்த எண் கூடக் கூட, தூரத்தில் இருப்பது கிட்டத்தில் தெரியும். அந்தக் கடைசி முனையில் கேமராவுக்குத் தெரிவது வெறும் மூன்று டிகிரி அகலம்தான். கையை நீட்டி, திரையைப் பார்த்துப் படமெடுத்தால் இளைஞர்களுக்கே காட்சி துள்ளும், வெயிலில் திரையும் சரியாகத் தெரியாது. கண்ணோடு ஒட்டி, முழங்கைகளை விலாவில் அணைத்துப் பிடித்தால் முகமும் சேர்ந்து தாங்கிக்கொள்ளும். அம்மாவுக்குப் பானாசோனிக் லூமிக்ஸ் டி.இசட்.95 அமைந்தது. சில நாடுகளில் அதற்கு இசட்.எஸ்.80 என்று பெயர். சட்டைப் பைக்குக் கொஞ்சம் பெரிது, கைப்பைக்குக் கச்சிதம்.

காட்டுக்குள் ஜீப்பில் போனபோது ஆற்றின் அக்கரையில் குட்டியோடு ஒரு யானை நின்றது. வண்டியில் எல்லோரும் போனைத் தூக்கினார்கள். அம்மா பதற்றமே இல்லாமல் கேமராவைக் கண்ணில் வைத்து, யானையை நடுவில் நிறுத்திக்கொண்டு, மெதுவாக ஜூமை இழுத்தார். தாயின் முன்னங்கால்களுக்கு நடுவில் குட்டி துதிக்கையை நீட்டுவது அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது. "எதுக்கு ஆன்ட்டி இதெல்லாம், போனே போதுமே" என்று காலையில் சொன்ன பையன்தான் அந்தப் படத்தை முதலில் கேட்டு வாங்கினான். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குழுவாகப் போகும்போது வயதானவர்களை எதற்காக எப்போதும் நடு சீட்டில் திணிக்கிறார்கள்? "அவங்களுக்குப் பத்திரமா இருக்கும்" என்பார்கள். ஜன்னலோரம் மட்டும் இளசுகளுக்கு. பெரியவர்களும் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள்? அன்றைக்கு நான் சண்டை போட்டுத்தான் அம்மாவுக்கு ஓர இருக்கை வாங்கினேன்.

சரி, போனே போதும் என்று இங்கேயும் பதில்கள் வரும். ஊர், கட்டடம், குடும்பப் படம் எல்லாவற்றுக்கும் போன் போதும், அதை நான் மறுக்கவில்லை. நல்ல போன்களிலேயே ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே செய்யும் ஜூம், பெரும்பாலும் 5 எக்ஸ் அளவில், அதாவது சுமார் 120 மி.மீ.யில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போனால், இருக்கும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். கேமராவிலும் இதே வேலையைச் செய்யும் டிஜிட்டல் ஜூம் என்று ஒன்று இருக்கும். மெனுவில் போய் அதை முதலிலேயே அணைத்து வையுங்கள்.

நிக்கான் பி1000-இல் 125 எக்ஸ், 3000 மி.மீ. வரை போகும்தான். ஆனால் எடை 1.4 கிலோ. விடுமுறையில் அதை யார் கழுத்தில் சுமப்பது? கேனான் எஸ்.எக்ஸ்.740 கையடக்கம், 40 எக்ஸ், ஆனால் வியூஃபைண்டர் கிடையாது. 2025-இல் வந்த லூமிக்ஸ் டி.இசட்.99-இலும் அது இல்லை. அதனால்தான் டி.இசட்.95-ஐ, பழையது கிடைத்தாலும் பரவாயில்லை, தேடிப் பாருங்கள் என்கிறேன்.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. இந்த ஜூம் கேமராக்களில் ஒளியைப் படமாக்கும் சென்சார் சிறியது, முழு ஜூமில் லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சமும் குறைவு. பகலில் அருமையாக இருக்கும், அந்தி சாய்ந்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். அருங்காட்சியகம், இரவுத் தெரு என்றுதான் உங்கள் பயணம் இருக்கும் என்றால் சோனி ஆர்.எக்ஸ்.100 ஏழாம் பதிப்பைப் பாருங்கள். அதன் ஒரு அங்குல சென்சாரின் பரப்பு இவற்றைப் போல நான்கு மடங்கு, வியூஃபைண்டரும் உண்டு. ஜூம் 200 மி.மீ.யோடு சரி, விலையும் அதிகம். அம்மாவின் யானைப் படம் அதில் வந்திருக்காது.

எதை வாங்கினாலும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, காக்கா குருவியைப் படம்பிடித்துக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், விமானத்தில் போவதாக இருந்தால் உதிரி பேட்டரியைக் கைப்பையிலேயே வையுங்கள். செக்-இன் பெட்டியில் வைக்க விடமாட்டார்கள்.