கேள்வி – பதில்: மலிவுத் தாளில் தொடங்கிய விண்வெளிப் பயணம்

கேள்வி: ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் தொடக்கத்தில் மஞ்சள் எழுத்துகள் திரையின் அடியிலிருந்து கிளம்பி, சாய்வாக மேலேறித் தொலைவில் மறைகின்றன. கதையை இப்படி எழுதிக் காட்டியது ஏன்?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அது மிகவும் பழகிய பொருள், அதன் பெயர் முன்கதைச் சுருக்கம். 1930களில் அமெரிக்கத் திரையரங்குகளில் வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் தொடர்படங்கள் ஓடின. நாயகன் பள்ளத்தில் விழும் இடத்தில் ‘தொடரும்’ போட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் புதிதாக வருபவருக்காக, நடந்த கதையை முதலில் எழுத்தில் காட்டுவார்கள். 1939இல் வந்த ‘பக் ராஜர்ஸ்’ தொடர்படத்திலும் 1940இல் வந்த ‘ஃப்ளாஷ் கார்டன்’ தொடர்படத்திலும் அந்த எழுத்துகள் சாய்ந்தபடி மேலேறி மறைவதை இன்றும் பார்க்கலாம். ‘ஸ்டார் வார்ஸ்’ இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் முதலில் எடுக்க விரும்பியதே ஃப்ளாஷ் கார்டன் கதையைத்தான். உரிமை கிடைக்காததால் சொந்தமாக ஓர் உலகத்தைப் படைத்தார். 1977இல் அது வெளிவந்தபோது, விட்டுப்போன அத்தியாயங்கள் எதுவும் இல்லாத நிலையிலும் முன்கதைச் சுருக்கம் மட்டும் அதில் தங்கிவிட்டது.

இந்த இழையை இன்னும் பின்னால் பிடித்துக்கொண்டு போகலாம். ஃப்ளாஷ் கார்டன் 1934 ஜனவரியில் அலெக்ஸ் ரேமண்டின் கைவண்ணத்தில் செய்தித்தாள் படக்கதையாகத் தொடங்கியது. 5 ஆண்டுகளுக்கு முன்பு, 1929 ஜனவரியில் தொடங்கி மக்களைக் கவர்ந்திருந்த பக் ராஜர்ஸ் படக்கதைக்குப் போட்டியாகவே அதை உருவாக்கினார்கள். பக் ராஜர்ஸோ, ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற அறிவியல் புனைகதை இதழின் 1928 ஆகஸ்ட் வெளியீட்டில் ஃபிலிப் ஃபிரான்சிஸ் நௌலன் எழுதிய ஒரு குறுநாவலிலிருந்து வந்தவர். அதில் அவர் பெயர் ஆண்டனி ராஜர்ஸ். கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில் கதிரியக்க வாயுவால் மயங்கி, 492 ஆண்டுகள் உறங்கி, 2419இல் விழித்தெழுகிறார். ‘பக்’ என்ற பெயர் படக்கதைக்காகச் சூட்டப்பட்டது. அந்த ஆகஸ்ட் இதழின் அட்டையில் சிவப்பு உடை அணிந்த ஒருவர் தரைக்கு மேலே மிதந்தபடி கையசைக்கிறார். அவரைப் பக் ராஜர்ஸ் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த ஓவியம் அதே இதழில் தொடங்கிய ஈ. ஈ. ஸ்மித்தின் வேறொரு விண்வெளித் தொடருக்காக வரையப்பட்டது. ஒரே இதழின் இரண்டு கதைகள் அந்த ஓர் அட்டையில் கலந்துபோயின.

கேள்வி: இத்தகைய இதழ்களைப் ‘பல்ப்’ என்று அழைப்பதில் இழிவுப் பொருள் உண்டா?
(ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: பிறகு சேர்ந்தது அந்த இழிவு. தொடக்கத்தில் அது தாளின் பெயர் மட்டுமே. ‘பல்ப்’ என்றால் கூழ்; மரக்கூழிலிருந்து மலிவாகச் செய்யப்பட்ட தாளில் அச்சிட்டதால் அந்தப் பெயர் வந்தது. மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் நீக்கப்படாமல் இருப்பதாலும், தாளில் அமிலம் தங்கிவிடுவதாலும், சில ஆண்டுகளிலேயே பக்கங்கள் பழுப்பேறி ஒடியத் தொடங்குகின்றன. அப்படிப்பட்ட இதழ் ஒன்றை நான் ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பக்கத்தைப் புரட்டுமுன் விரலை அடியில் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது. அப்படியும் ஓரத்திலிருந்து அப்பளம்போல ஒரு துணுக்கு உடைந்து மடியில் விழுந்தது. கண்ணைப் பறிக்கும் அட்டைக்குள் அவ்வளவு எளிதில் நொறுங்கும் தாள் இருந்ததைக் கண்டபோது மனம் வருந்தியது.

அந்தத் தாளில் வந்தவற்றை மலிவானவை என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ முதலில் வெளிவந்தது 1942இல், ‘அஸ்டவுண்டிங்’ இதழில். புத்தகமாவதற்கு அது 1951 வரை காத்திருந்தது. வாளும் மந்திரமும் கலந்த கோனன் கதைகளை ராபர்ட் ஈ. ஹோவர்ட் 1932 முதல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் எழுதினார். 1936இல், 30 வயதில் அவர் இறந்துபோனார். 1970இல் மார்வெல் படக்கதையாகவும் 1982இல் திரைப்படமாகவும் கோனன் பெற்ற வாழ்வை அவர் காணவில்லை.

வாசகர் கடிதப் பகுதியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக், கடிதம் எழுதியவர்களின் முகவரிகளையும் சேர்த்தே அச்சிட்டார். அதைப் பார்த்து வாசகர்கள் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொண்டார்கள்; மன்றங்கள் அமைத்தார்கள்; கையச்சு இதழ்கள் நடத்தினார்கள். கிளீவ்லாந்தில் அப்படி ஓர் இதழ் நடத்திய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும்தான் பின்னர் சூப்பர்மேனைப் படைத்தார்கள். 1938இல் அந்தப் பாத்திரத்தின் முழு உரிமைக்கும் அவர்களுக்குக் கிடைத்தது 130 டாலர். இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

கேள்வி: நம் இரும்புக்கை மாயாவிக்கும் இந்த மரபுக்கும் தொடர்பு உண்டா?
(ஒரு வாசகர், சிவகாசி)

பதில்: நிச்சயமாக உண்டு. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த அந்தக் கதை, 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கியது. அதை முதலில் எழுதிய கென் புல்மர் அறிவியல் புனைகதை எழுத்தாளர். வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். மின்சாரம் தாக்கியதும் உடல் முழுவதும் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நகரும் அந்தக் கட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. மறைந்து வாழும் ஆற்றல் ஒருவனைக் குற்றத்தை நோக்கி இழுக்கும் என்பது ஹெச். ஜி. வெல்ஸ் 1897இலேயே எழுதிக் காட்டிய கருத்து. மாயாவியும் முதல் கதையில் குற்றவாளியாக அலைந்த பிறகே நல்வழிக்குத் திரும்புகிறார்.

கேள்வி: அந்த இதழ்களில் பெண்கள் எழுதவில்லையா?
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: எழுதினார்கள், சிறப்பாகவே எழுதினார்கள். 1933இல் ‘வியர்ட் டேல்ஸ்’ வாசகர்களை வியக்கவைத்த சி. எல். மூர் ஒரு பெண். வங்கியில் வேலை பார்த்த அவர், தாம் கதை எழுதுவது மேலதிகாரிகளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே முதலெழுத்துகளை மட்டும் போட்டுக்கொண்டார். அதே இதழுக்கு அந்த ஆண்டுகளில் ஏராளமான அட்டைகளை வரைந்து தந்தவரும் மார்கரெட் பிரண்டேஜ் என்ற பெண்மணிதான்.

நீங்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டியவர் லீ பிராக்கெட். 1940 முதல் செவ்வாய்க் கோளைக் களமாகக் கொண்டு அழகிய கதைகளை எழுதிவந்த அவருடைய துப்பறியும் நாவல் ஒன்றைப் படித்த இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ், எழுதியவர் ஆண் என்று நினைத்தே திரைக்கதை எழுத அழைத்தார். போய் நின்றவர் இளம்பெண். அப்போது பாதியில் நின்ற விண்வெளிக் கதையை இளைஞர் ரே பிராட்பரியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் திரைப்பணிக்குச் சென்றார். மீதியைப் பிராட்பரி எழுதி முடிக்க, 1946இல் ‘பிளானட் ஸ்டோரீஸ்’ இதழில் இருவர் பெயரிலும் அது வந்தது. பல ஆண்டுகள் கழித்து, ‘ஸ்டார் வார்ஸ்’ இரண்டாம் படத்துக்குத் திரைக்கதை எழுத லூகாஸ் அழைத்ததும் அவரைத்தான். முதல் படியை முடித்துக் கொடுத்த சில வாரங்களில், 1978 மார்ச்சில், புற்றுநோயால் அவர் காலமானார். பிறர் அதைப் பெரிதும் மாற்றி எழுதினார்கள். ஆயினும் 1980இல் படம் வெளியானபோது, திரைக்கதை ஆசிரியர் வரிசையில் அவர் பெயரே முதலில் நின்றது.